இங்கிலாந்தில் பிசியோதெரபி பிளேஸ்மென்ட்: தடுப்பூசி அட்டை முதல் கடைசிக் கையெழுத்து வரை

இங்கிலாந்தில் ஒருவர் தன்னை பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள, சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான எச்.சி.பி.சி.யில் பதிவு வேண்டும். அந்தப் பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது. பதிவுக்குக் கொண்டுபோகும் படிப்பில் (பி.எஸ்சி. அல்லது பதிவுக்கு முந்தைய எம்.எஸ்சி.) சேர்ந்தவர்கள், படிப்பு முடிவதற்குள் குறைந்தது 1000 மணி நேரம் களப்பயிற்சி (பிளேஸ்மென்ட்) முடித்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு பிசியோதெரபிஸ்ட்களின் தொழில்முறைச் சங்கமான சி.எஸ்.பி. எதிர்பார்க்கிறது. அந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் முழுநேர வாரம் 37.5 மணி. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 27 வாரம். பெரும்பாலும் இதை 4 முதல் 6 வாரத் துண்டுகளாகப் பிரித்து எலும்பு, நரம்பு, நுரையீரல், முதியோர், வீட்டுச் சேவை என்று வெவ்வேறு இடங்களுக்கு அனுப்புவார்கள்.

சேர்வதற்கு முன்பே பார்க்க வேண்டிய ஒன்று: தலைப்பில் "எம்.எஸ்சி. பிசியோதெரபி" என்று இருப்பதெல்லாம் பதிவு தரும் படிப்பு அல்ல. ஏற்கெனவே தகுதி பெற்றவர்களுக்கான மேற்படிப்பும் அதே பெயரில் நடக்கிறது. எச்.சி.பி.சி. இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. அதில் உங்கள் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஊரில் பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்தவர்கள் வெளிநாட்டுத் தகுதி வழியாக நேரடியாகவே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த வழிகாட்டி அங்கே போய்ப் படித்துக்கொண்டே பிளேஸ்மென்ட் செய்பவர்களுக்கானது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். பாடம் தெரியாமல் பிளேஸ்மென்டில் தடுமாறுபவர்களைவிட, தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லாமல் தடுமாறுபவர்களே நம் பக்கத்தில் அதிகம். கேட்டால் மட்டும் பதில் சொல்லும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். அங்கே நீங்கள் யோசிப்பது எஜுகேட்டரின், அதாவது பிளேஸ்மென்டில் உங்களை மேற்பார்த்து மதிப்பிடும் பிசியோவின், காதில் விழ வேண்டும். விழாததற்கு மதிப்பெண் இல்லை.

காகிதங்கள்: பல மாதம் முன்பே

குற்றப் பின்னணிச் சோதனையான டி.பி.எஸ். விரிவான வகையில் வேண்டும். இந்தியாவில் வாழ்ந்த காலத்துக்கு போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழும் கேட்கலாம். ஊரில் இருக்கும்போதே பாஸ்போர்ட் சேவா வழியாக வாங்கிவிட்டால் அலைச்சல் மிச்சம்.

அதிகம் சிக்குவது தடுப்பூசியில்தான். ஆக்குபேஷனல் ஹெல்த் (பணியாளர் உடல்நலப்) பிரிவு கேட்பவை: எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி) இரண்டு தவணை, ஹெபடைட்டிஸ் பி முழுத் தொடர், சின்னம்மை எதிர்ப்பு, காசநோய்ச் சோதனை. நம்மில் பலரிடம் குழந்தைப் பருவத்தில் 9-ஆம் மாதம் போட்ட தட்டம்மை ஊசியின் பதிவு மட்டுமே இருக்கும், எம்.எம்.ஆருக்கு அது போதாது. சின்னம்மை ஊசி இந்திய அரசு அட்டவணையில் இல்லை. "சின்ன வயதில் அம்மை போட்டது" என்ற சொல்லை ஏற்காவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்க்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி வழக்கமான தொடர் 0, 1, 6 மாதங்களில். அதன்பின் 1 முதல் 2 மாதம் கழித்து எதிர்ப்பு அளவு பார்ப்பார்கள். ஆக, தொடங்கவே இல்லையென்றால் அரை வருடத்துக்கு மேல் வேண்டும். அவசரமானால் 0, 1, 2 மாத விரைவுத் தொடரும் உண்டு. அதற்கு 12-ஆம் மாதம் இன்னொன்று. பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்கு மான்டூ தோல் சோதனை அந்த ஊசியாலேயே தடித்துக் காட்டலாம். ஐ.ஜி.ஆர்.ஏ. என்ற ரத்தச் சோதனையைப் பி.சி.ஜி. பாதிப்பதில்லை, அதைக் கேட்டு வாங்குங்கள்.

எஃப்.எஃப்.பி.3 முகக்கவசம் பொருந்துகிறதா என்ற சோதனை நடந்தால் தாடி மழித்திருக்க வேண்டும். மத காரணம் இருந்தால் முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள், மாற்று ஏற்பாடு உண்டு.

பணம் பற்றிச் சுருக்கமாக: பிளேஸ்மென்டுக்குச் சம்பளம் இல்லை. உள்நாட்டு மாணவர்களுக்குப் பயணச் செலவைத் திருப்பித் தரும் என்.எச்.எஸ். உதவி நிதி சர்வதேச மாணவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது. 16-25 ரயில் அட்டை எடுத்தால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஸ்டூடன்ட் விசாவில் வாரம் 20 மணி நேரப் பகுதிநேர வேலை வரம்பு பிளேஸ்மென்ட் வாரங்களிலும் அப்படியே நீடிக்கிறது. படிப்பின் கட்டாயப் பகுதியான பிளேஸ்மென்ட் நேரம் அந்த 20-இல் சேராது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக 37.5 மணியோடு 20 மணி இரவு வேலையும் சேர்த்தால் மூன்றாவது வாரத்தில் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். அந்த மாதங்களுக்கான செலவை முன்பே ஒதுக்குவதுதான் வழி.

முதல் நாளுக்கு முன்

இடம் உறுதியானதும் எஜுகேட்டருக்கு ஒரு சிறிய மின்னஞ்சல் அனுப்புங்கள்: இதுவரை செய்த பிளேஸ்மென்ட்கள், இதில் கற்க விரும்பும் மூன்று விஷயங்கள், தொடங்கும் நேரம், எங்கே வந்து நிற்க வேண்டும், முன்கூட்டிப் படிக்க வேண்டியது என்ன. பெயரைச் சொல்லி எழுதுங்கள். அங்கே சார், மேடம் கிடையாது. கன்சல்டன்ட் (மூத்த சிறப்பு மருத்துவர்) தவிர ஏறத்தாழ எல்லோரும் முதல் பெயர்தான். ஒரு வாரம் கூச்சமாக இருக்கும், பழகிவிடும்.

உடை விதியின் சாரம், முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது. வாட்ச், வளையல், கோயிலில் கட்டிய கயிறு எல்லாம் கழற்றப்பட வேண்டும். கல் பதிக்காத மோதிரம் ஒன்றுக்கு மட்டும் அனுமதி. தாலி, மூக்குத்தி போன்றவற்றுக்கு ட்ரஸ்டுக்கு ட்ரஸ்ட் (என்.எச்.எஸ். மருத்துவமனைகளை நடத்தும் அமைப்பு) விதி மாறும், முதல் நாள் காலையில் கேட்டுவிடுங்கள். சீருடையை வீட்டில் 60 டிகிரியில் துவைக்க வேண்டும். வாட்ச் இல்லாததால் நாடித்துடிப்பு எண்ண, சட்டையில் குத்தும் கடிகாரம் ஒன்று வாங்கி வையுங்கள்.

அளவைகள் மாறுவதை முன்பே மனத்தில் ஏற்றிக்கொள்ளாவிட்டால் வார்டில் திணறுவீர்கள். ஹீமோகுளோபின் அங்கே லிட்டருக்குக் கிராம். நம் ஊர் 8.2 அங்கே 82. சர்க்கரை மில்லிமோல் அளவில் வரும், 18-ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய எண் கிடைக்கும்: 5.5 என்றால் ஏறத்தாழ 100. ரத்த வாயு அழுத்தம் கிலோபாஸ்கலில், 7.5-ஆல் பெருக்குங்கள். வயதானவர்கள் தங்கள் எடையை ஸ்டோனில் சொல்வார்கள், ஒரு ஸ்டோன் 6.35 கிலோ.

காலை எட்டரை மணி

பெரும்பாலான வார்டுகளில் நாள் போர்டு ரவுண்டுடன் தொடங்கும். மருத்துவர், நர்ஸ், பிசியோ, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எல்லோரும் பலகை முன் நின்று, ஒவ்வொரு நோயாளியும் வீட்டுக்குப் போக என்ன தடை என்று பேசுவார்கள். கையில் கிடைக்கும் ஹேண்டோவர் தாளில் நோயாளிகளின் பெயரும் நோயும் இருக்கும். அது மருத்துவமனையை விட்டு வெளியேறக்கூடாது. மாலையில் ரகசியக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பையில் மறந்து பஸ்ஸில் விட்டால் அது பதிவாகும் தரவு மீறல். நல்ல மாணவர்களும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

பிறகு உங்கள் பட்டியலில் உள்ளவர்களின் நியூஸ்2 எண்ணைப் பாருங்கள். மூச்சு வேகம், ஆக்ஸிஜன் செறிவு, ஆக்ஸிஜன் ஓடுகிறதா, மேல் ரத்த அழுத்தம், நாடி, விழிப்பு நிலை, வெப்பம் ஆகிய 7-ஐயும் கூட்டி வரும் எண் அது. மொத்தம் 5 வந்தாலோ ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தாலோ உடனே மருத்துவர் கவனத்துக்குப் போக வேண்டும், 7 என்றால் அவசரநிலை. எண்ணோடு நிற்காமல் போக்கையும் பாருங்கள்: நேற்று 1, இன்று காலை 4 என்றால் நடக்க வைப்பதற்கு முன் நர்ஸிடம் ஒரு வார்த்தை. கார்பன் டை ஆக்சைடு தேங்கும் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிக்கு ஆக்ஸிஜன் செறிவின் இலக்கு 88–92 சதவீதம். 90 பார்த்துப் பதறி ஆக்ஸிஜனைக் கூட்டாதீர்கள். ஆக்ஸிஜன் அங்கே மருந்துச் சீட்டில் எழுதப்படும் மருந்து, மாணவர் தானாகத் தொடக்கூடாது.

இடுப்பு எலும்பு முறிவு, அறுவைக்கு மறுநாள்

முதியோர் அல்லது எலும்பு வார்டில் நிச்சயம் எதிர்ப்படும் நோயாளி இவர்தான். மருத்துவத் தடை இல்லாவிட்டால் அறுவைக்கு மறுநாளே எழுப்ப வேண்டும் என்று 2011 முதல் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு முறை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் மற்ற வார்டுகளிலும் இதே வரிசை உதவும்.

படுக்கைக்குப் போகுமுன் அறுவைக் குறிப்பைப் படியுங்கள். எந்த வகை: ஆணியா, திருகுத் தகடா, பாதி மூட்டு மாற்றா? எவ்வளவு எடை ஊன்றலாம்? எழுதியிருக்காவிட்டால் ஊகிக்க வேண்டாம், அறுவைக் குழுவைக் கேளுங்கள். ஹீமோகுளோபின், இரவு ரத்த அழுத்தம், கடைசியாக வலி மருந்து கொடுத்த நேரம் மூன்றையும் பாருங்கள். வாய்வழி வலி மருந்து வேலை செய்ய அரை மணிக்கு மேல் ஆகும். எழுப்பும் நேரத்தை நர்ஸிடம் முன்பே சொல்லி மருந்தை அதற்கேற்பக் கொடுக்கச் சொல்வது உங்கள் வேலை. வலியோடு எழுப்பினால் முதல் முயற்சி தோற்பதோடு இரண்டாம் நாளும் அவர் மறுப்பார்.

அடுத்து வீட்டு நிலவரம். நம் ஊரில் பக்கத்தில் நிற்கும் அட்டென்டர் எல்லாம் சொல்லிவிடுவார். அங்கே அட்டென்டர் கிடையாது. தனி வீடா, அடுக்குமாடியா, வாசலில் எத்தனை படி, ஏறும்போது கைப்பிடி எந்தப் பக்கம், கழிவறை மேலேயா கீழேயா, கடைக்கு யார் போகிறார்கள், பராமரிப்பாளர் நாளுக்கு எத்தனை முறை வருகிறார், விழுவதற்கு முன் எதைப் பிடித்து நடந்தார்? நோயாளி குழம்பியிருந்தால் அவர் சம்மதத்தோடு, சம்மதிக்கும் நிலையில் இல்லையென்றால் எஜுகேட்டரைக் கேட்டுவிட்டு, மகளையோ பக்கத்து வீட்டாரையோ போனில் கேட்க வேண்டும். அறுவைக்குப் பின் திடீர்க் குழப்பம் மிகச் சாதாரணம். இந்தக் குழப்பத்தைக் கண்டறியும் 4ஏடி சோதனையில் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியம் இருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படுக்கையருகே: பெயரைச் சொல்லி, மாணவர் என்றும் சொல்லி, என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கிச் சம்மதம் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் காரணத்தைக் கேளுங்கள். 2005-இன் மனத்திறன் சட்டப்படி, ஒருவர் நமக்குப் பிடிக்காத முடிவை எடுப்பதாலேயே முடிவெடுக்கும் திறன் இல்லாதவர் ஆகிவிடமாட்டார். சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, நினைவில் வைக்கிறாரா, எடைபோடுகிறாரா, பதிலைத் தெரிவிக்கிறாரா என்ற நான்கும்தான் கேள்வி. "பாட்டி, எழுந்திரிங்க" என்று உரிமையோடு அதட்டுவது நம் ஊரில் பாசம், அங்கே புகார்.

சிறுநீர்ப் பையை எழும் பக்கத்துக்கு மாற்றுங்கள். ஊசிக்குழாய் இழுபடாமல் பாருங்கள். நாற்காலியை நல்ல கால் இருக்கும் பக்கம் வையுங்கள். வழுக்காத காலணி, காலுறை மட்டும் போதாது. முதுகுவழி மயக்க மருந்து கொடுத்திருந்தால் இரு காலிலும் உணர்வும் அசைவும் திரும்பியிருக்கிறதா என்று சோதியுங்கள். ஜிம்மர் ஃபிரேமின் (நம் ஊர் வாக்கர்) கைப்பிடி, கை தொங்கும்போது மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். பிடித்தால் முழங்கை லேசாக மடங்கும். அவர் நின்ற பிறகு உயரம் சரிசெய்ய முயல்வதுதான் புதியவர்களின் முதல் தவறு. உட்கார்ந்திருக்கும்போதே உத்தேசமாகச் சரிசெய்து வையுங்கள்.

படுக்கை விளிம்பில் உட்கார வைத்து இரண்டு நிமிடமாவது பேச்சுக் கொடுங்கள். நிறம், வியர்வை, பதிலின் தெளிவு மூன்றையும் கவனியுங்கள். படுத்த நிலையை ஒப்பிட, நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் எழும்போது ரத்த அழுத்தம் விழுகிறது என்று பொருள். "ஐ ஃபீல் எ பிட் ஃபன்னி" என்று சொன்னால் சிரிக்காதீர்கள், உடனே உட்கார வையுங்கள். மயங்குவதற்கு முந்தைய வாக்கியம் அது.

நிற்கும்போது கைகள் படுக்கையை அழுத்தி எழ வேண்டும். ஃபிரேமைப் பிடித்து இழுத்தால் அது கவிழும். அக்குளில் கைபோட்டுத் தூக்குவது நம் வார்டுகளில் அன்றாடக் காட்சி. அங்கே அது தடைசெய்த முறை. நோயாளியின் தோளும் உங்கள் முதுகும் ஒரே நேரத்தில் கெடும். முதல் முறை எப்போதும் இருவர். வரிசை: ஃபிரேம், அறுவைக் கால், நல்ல கால். திரும்பும்போது அறுவைக் காலை ஊன்றிச் சுழலாமல் சிறு அடிகளாக. நாற்காலியின் விளிம்பு இரு கால்களின் பின்புறத்திலும் பட்ட பிறகே கை பின்னால் போக வேண்டும்.

விழத் தொடங்கினால் தாங்கிப் பிடிக்க முயலாதீர்கள். வழி இருந்தால் நாற்காலிக்கு, இல்லையேல் கட்டுப்பாடாகத் தரைக்கு இறங்க விடுங்கள், அழைப்பு மணி அழுத்துங்கள். பாதி மூட்டு மாற்றியவருக்குத் திடீர்க் கடும் வலியோடு கால் குட்டையாகி உள்நோக்கித் திரும்பினால் மூட்டு விலகியிருக்கலாம். நகர்த்தாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

யோசிப்பதை வாய்விட்டுச் சொல்வது

இதே நோயாளியிடம் போகுமுன் எஜுகேட்டரிடம் 40 விநாடியில் சொல்ல வேண்டியது இப்படி இருக்கும்: "82 வயது, பாதி மூட்டு மாற்றி முதல் நாள், முழு எடை ஊன்றலாம். நியூஸ்2 ஒன்று. ஹீமோகுளோபின் 84, அதனால் தலைசுற்றலை எதிர்பார்க்கிறேன். ஒன்பது மணிக்கு வலி மருந்து கொடுத்தாயிற்று. இருவர் உதவியோடு நாற்காலி வரை திட்டம். மேல் அழுத்தம் 90-க்குக் கீழ் போனாலோ அறிகுறி வந்தாலோ நிறுத்துவேன்." என்ன பிரச்சினை, ஏன், என்ன செய்வேன், எங்கே நிறுத்துவேன். கடைசிப் பகுதியைத்தான் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள், எஜுகேட்டர் காத்திருப்பதும் அதற்குத்தான்.

புரியாதபோது தலையாட்டாதீர்கள். நம் தலையாட்டலை அவர்கள் சம்மதமாகவும் எடுப்பார்கள், மறுப்பாகவும் எடுப்பார்கள். "நான் புரிந்துகொண்டது இது, சரியா?" என்று திருப்பிச் சொல்லுங்கள். அவர்களின் பேச்சிலும் ஒரு சுற்று உண்டு. "நேரமிருந்தால் நரம்பு வரைபடத்தை ஒரு பார்வை பார்க்கலாமே" என்றால் நாளைக்குக் கேள்வி வரும் என்று அர்த்தம்.

குறிப்பு எழுதுவது

சோப் (எஸ்.ஓ.ஏ.பி.) முறையில்: நோயாளி சொன்னது, நீங்கள் கண்டது, உங்கள் பகுப்பாய்வு, திட்டம். தேதி, 24 மணி நேரக் கடிகாரப்படி நேரம், பெயர், மாணவர் என்ற குறிப்பு, எஜுகேட்டரின் எதிர்க்கையெழுத்து எல்லாம் வேண்டும். "நன்றாக நடந்தார்" என்பது குறிப்பு அல்ல. எத்தனை மீட்டர், எந்த உபகரணம், எத்தனை பேர் உதவி, எந்த வகை உதவி, ஏன் நின்றது என்று எழுதுங்கள். பகுப்பாய்வில் கண்டதையே மறுபடி எழுதுவது பரவலான பலவீனம். அங்கே வர வேண்டியது "நடை தூரத்தைக் கட்டுப்படுத்துவது வலி அல்ல, பயம்" போன்ற தீர்ப்பு.

வெளிநோயாளர் பிரிவு

இங்கே எதிரி கடிகாரம்தான். முதல் சந்திப்புக்கு 40 நிமிடம் போலக் கிடைக்கும். பேச்சிலேயே 30 போய்விட்டால் பரிசோதனை அரைகுறையாகும். முதுகுவலிக்காரரிடம் தண்டுவட வால்நரம்பு அழுத்தம் பற்றிக் கேட்டே ஆக வேண்டும்: சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம், பாலுறவில் உணர்வு மாற்றம், இரு காலிலும் வலி அல்லது பலவீனம், துடைக்கும்போது அந்தரங்கப் பகுதியில் மரத்த உணர்வு. கூச்சத்தில் "பாத்ரூம் எல்லாம் ஓகேவா?" என்று கேட்டால் "ஓகே" என்றுதான் பதில் வரும். "எல்லோரிடமும் கேட்கும் கேள்விகள் இவை, காரணமும் சொல்கிறேன்" என்று தொடங்கி ஒவ்வொன்றையும் தனித்தனியாக, நேராகக் கேளுங்கள். புதிதாக ஒன்றுக்கு ஆம் வந்தால் சிகிச்சையைத் தொடராமல் அப்போதே எஜுகேட்டரை அழையுங்கள். இவற்றைக் கண்ணாடி முன் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவது வெட்கமான காரியம் அல்ல.

பாதி வழி மதிப்பீடும் கடைசி வாரமும்

நடுவில் முறைப்படி ஒரு மதிப்பீடு நடக்கும். அதற்கு முன் மதிப்பீட்டுப் படிவத்தை நீங்களே நிரப்பி, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு நோயாளியைச் சான்றாக (பெயரின்றி) எழுதிக்கொண்டு போங்கள். "இன்னும் நம்பிக்கையாகச் செய்யுங்கள்" என்று கருத்து வந்தால் அப்படியே வாங்கிக்கொண்டு வராதீர்கள். எந்த நோயாளியிடம், எந்தக் கட்டத்தில், என்ன செய்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். தேறாத நிலை என்றால் எழுத்தில் ஒரு செயல்திட்டம் வாங்குங்கள்; அன்றே பல்கலைக்கழகத் தொடர்பாசிரியருக்குத் தெரிவியுங்கள், மதிப்பெண் வந்தபின் சொல்வதில் பயன் குறைவு. வேகம் குறைவு என்பதைத் திருத்திவிடலாம். பாதுகாப்பு மீறல், அதாவது பிரேக் போடாத சக்கர நாற்காலி, சரிபார்க்காத எடைத் தடை, மறைத்த தவறு, மட்டும் முழு பிளேஸ்மென்டையும் கவிழ்க்கும். தவறு நடந்தால் சொல்லிவிடுங்கள். சம்பவப் பதிவு எழுதுவது தண்டனை அல்ல.

நோயாளி நிறத்தையோ உச்சரிப்பையோ வைத்து இழிவாகப் பேசினால் தாங்கிக்கொள்ள வேண்டிய கடமை மாணவருக்கு இல்லை. அவரைப் பாதுகாப்பாக உட்காரவைத்துவிட்டு விலகி, எஜுகேட்டரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எஜுகேட்டரே பிரச்சினை என்றால் தொடர்பாசிரியர் இருக்கிறார், எல்லா என்.எச்.எஸ். ட்ரஸ்டிலும் பணியிடப் பிரச்சினைகளைக் கேட்க ஃப்ரீடம் டு ஸ்பீக் அப் கார்டியன் என்றொருவர் உண்டு, சி.எஸ்.பி. மாணவர் உறுப்பினராக இருந்தால் சங்கத்தையும் அணுகலாம்.

கடைசி வாரத்தில் புது நோயாளிகளை ஏற்பதைக் குறைத்து, இருப்பவர்களை எழுத்தில் ஒப்படையுங்கள். மணி நேரப் பதிவேட்டை வெள்ளிக்கிழமை மாலைக்கு விட வேண்டாம். எஜுகேட்டர்கள் பகுதிநேரமாகவும் வேலை செய்வார்கள், விடுப்பிலும் போவார்கள். நோய் விடுப்பில் போன நாட்களைக் கழித்து, ஈடுசெய்த நாட்களைக் கூட்டி, மொத்தத்தை நீங்களே போட்டு, புதன்கிழமையே கையெழுத்து வாங்கி ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, லாக்கர் சாவி, கணினி அட்டை மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம்.